எஸ்.எல்.வி-3 வீண்போன ராக்கெட் அல்ல

பவானி, ஈரோடு, கோபி பக்கம் விண்வெளிப் பேச்சு எழுந்தால் அது சந்திரயானில்தான் தொடங்கும். அதில் நியாயமும் இருக்கிறது. சந்திரயான்-1 திட்டத்தை இயக்கிய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியைச் சேர்ந்தவர். நிலவில் இறங்கும் கலத்தைச் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டபோது, அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து போனது. கொங்கு நாட்டுக்காரர்கள் இதைச் சொல்லிப் பூரித்துப் போவதில் தவறே இல்லை.

ஆனால் அதே பேச்சு இந்தியாவின் முதல் ஏவுகலமான எஸ்.எல்.வி-3 பக்கம் திரும்பியதும் தொனி மாறிவிடுகிறது. “அது அமெரிக்காக்காரன் ராக்கெட்டப் பாத்துச் செஞ்சதுதானுங்களே?” என்பார் ஒருவர். “மொதல்ல உட்டது கடல்லதானுங்க உழுந்துது” என்பார் இன்னொருவர். “ரஷ்யாக்காரன் சும்மாவே ஏத்திவுட்டானே, அப்புறம் எதுக்குங்க அந்தச் செலவு?” என்று கேட்பவர் உண்டு. “இப்ப ராக்கெட்டு மேல போயிட்டுத் திரும்பி வந்து நிக்குது, நம்முளுது ஒருக்கா எரிஞ்சா போச்சு” என்பவர்களும் உண்டு. எல்லாம் கூடி ஒரே முடிவுக்கு வருகின்றன: இந்திய ராக்கெட்டின் உண்மையான கதை பி.எஸ்.எல்.வி-யில்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வீண்.

இந்த முடிவு தவறு. எஸ்.எல்.வி-3-ஐ வீண் என்று தள்ளிவிட்டால் சந்திரயானின் பெருமையையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். ஏனென்றால் இரண்டுக்கும் இடையே அறுபடாத ஒரு தொடர்ச்சி இருக்கிறது. மேலே சொன்ன வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த ராக்கெட் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எல்.வி-3 சுமார் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. நான்கு அடுக்குகள், நான்கிலும் திட எரிபொருள். 40 கிலோ அளவிலான செயற்கைக்கோளைத் தாழ்வான சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நான்கு முறை கிளம்பியது: 1979 ஆகஸ்ட் 10, 1980 ஜூலை 18, 1981 மே 31, 1983 ஏப்ரல் 17. திட்ட இயக்குநராக இருந்து அதை உருவாக்கியவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம்.

1. “அது ஸ்கவுட்டின் நகல்”

அமெரிக்காவின் ஸ்கவுட் ராக்கெட் 1960-இல் முதன்முதலாகப் பறந்தது. அதுவும் நான்கு அடுக்கு, அதுவும் முழுக்கத் திட எரிபொருள், அதன் முதல் அடுக்கின் விட்டமும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், உயரமும் கிட்டத்தட்ட அதே. ஹோமி பாபா 1965-இல் ஸ்கவுட்டைப் பற்றி நாசாவிடம் விசாரித்தார். அதற்கு முன்பே, 1963-இல், கலாம் நாசாவின் மையங்களில் பயிற்சி பெற்றார். இவற்றையெல்லாம் வைத்துத்தான் கேரி மில்ஹோலின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இந்திய ராக்கெட்டின் பின்னால் அமெரிக்க உதவி இருப்பதாக எழுதினார். இன்றுவரை சுற்றிவரும் ‘நகல்’ பேச்சுக்கு அந்தக் கட்டுரை பெரிய தூணாக நிற்கிறது.

இதில் உண்மையான பகுதியை மறைக்க வேண்டியதில்லை. எஸ்.எல்.வி-3-இன் வெளியமைப்பைத் தீர்மானித்தபோது ஸ்கவுட் முன்மாதிரியாகக் கண்முன்னே இருந்தது. சிறிய செயற்கைக்கோளைத் திட எரிபொருளால் ஏற்ற முடியும் என்று அது ஏற்கெனவே காட்டியிருந்தது. நன்கு பறந்துகொண்டிருக்கும் அமைப்பைப் பார்த்துக் கற்பது பொறியியலில் எல்லா நாடுகளும் செய்வதுதான்.

ஆனால் அமைப்பைப் பார்ப்பது வேறு, பொருளைச் செய்வது வேறு. பவானிக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வெளியூர் விசைத்தறியில் ஓடிய விரிப்பு நம் ஜமக்காளத்தின் பட்டைகளையும் நிறங்களையும் அப்படியே காட்டும். கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால்தான் இழையும் நெசவும் வேறு என்று தெரியும். எஸ்.எல்.வி-3-ஐயும் அப்படிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்கவுட்டைக் கட்டியவர்கள் பெரும்பாலும் கையிருப்பில் இருந்த மோட்டார்களை எடுத்து அடுக்கினார்கள். அமெரிக்க ராணுவம் போலாரிஸ், சார்ஜென்ட் போன்ற ஏவுகணைகளுக்காக ஏற்கெனவே செய்த வேலையிலிருந்து அதன் கீழ் அடுக்குகள் பிறந்தன. இந்தியாவுக்கு அப்படிக் கையிருப்பு எதுவும் இல்லை. தும்பாவிலிருந்து 1967 நவம்பரில் பறந்த இந்தியாவின் முதல் சொந்த ராக்கெட்டான ரோகிணி ஆர்.எச்-75-இன் விட்டம் 75 மில்லிமீட்டர். ஒரு கைக்குள் அடங்கிவிடும் குழாய். அங்கிருந்து ஒரு மீட்டர் விட்டமும் பத்து மீட்டர் நீளமும் உள்ள மோட்டாருக்குப் போக வேண்டியிருந்தது. அதில் ஒன்பது டன்னை நெருங்கும் எரிபொருளை விரிசலோ காற்றுக்குமிழியோ இல்லாமல் வார்க்க வேண்டும். அதற்கான உலையும் வார்ப்புக்கூடமும் சோதனைமேடையும் நாட்டில் கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் ஆலையைக் கட்டினார்கள். எரிபொருளுக்கு அடிப்படையான அம்மோனியம் பெர்குளோரேட்டுக்காகக் கேரளத்து ஆலுவாவில் தனி ஆலை அமைத்தார்கள். முதல் அடுக்கின் கூட்டை உயர்வலிமை எஃகிலும், மேலடுக்குகளின் கூட்டைக் கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளிலும் செய்யக் கற்றார்கள்.

ராக்கெட்டை நேர்வழியில் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாட்டு அமைப்பிலும் வித்தியாசம் உண்டு. ஸ்கவுட்டின் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளைத் திருப்பியது ஹைட்ரஜன் பெராக்சைடு. எஸ்.எல்.வி-3-இன் இரண்டாம் அடுக்கில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரசீனும் சேர்ந்து எரியும் அமைப்பு. மூன்றாவதில் ஹைட்ரசீன் மட்டும். விக்ரம் சாராபாய் நான்கு அடுக்குகளின் வடிவமைப்பையும் நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்திருந்தார்: கோவாரிகர், குரூப், முத்துநாயகம், கலாம். நகலெடுக்க நான்கு தலைமை வடிவமைப்பாளர்கள் தேவையில்லை. சாராபாய் 1971 டிசம்பரில் இறந்துவிட்டார். அதன்பிறகு சதீஷ் தவான் தலைமையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்த பிறகுதான் முதல் ராக்கெட் ஏவுதளத்துக்கு வந்தது. கையில் வரைபடம் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

2. “நாலில் பாதி தோல்வி”

கணக்கு இதுதான். முதல் பயணம் தோற்றது. இரண்டாவது வென்றது. மூன்றாவது அரைகுறை: 38 கிலோ செயற்கைக்கோள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வான பாதையில் விழுந்து ஒன்பது நாளில் காற்றுமண்டலத்துக்குள் வந்து அழிந்தது. நான்காவது முழு வெற்றி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ‘பாதி தோல்வி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாட்டின் முதல் ஏவுகலத்தை எதனோடு ஒப்பிட வேண்டும்? மற்ற நாடுகளின் முதல் ஏவுகலங்களோடுதான்.

அமெரிக்காவின் வான்கார்டு 1957 டிசம்பர் 6 அன்று உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஏவுதளத்திலேயே வெடித்துச் சரிந்தது. அந்தத் திட்டத்தில் 11 முறை முயன்று மூன்று செயற்கைக்கோள்களைத்தான் சுற்றுப்பாதைக்கு ஏற்ற முடிந்தது. ஜப்பானின் லாம்டா ராக்கெட் 1966 முதல் 1969 வரை வரிசையாக நான்கு முறை தோற்று, ஐந்தாவது முயற்சியில் 1970 பிப்ரவரியில் 24 கிலோ எடையுள்ள ஓசுமியை ஏற்றியது. இன்று ஜப்பானியர் யாரும் லாம்டாவை அவமானமாக நினைப்பதில்லை. இந்தியா இரண்டாவது முயற்சியிலேயே ரோகிணி என்ற 35 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

முதல் தோல்வியின் உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுவிழக்கும். 1979 ஆகஸ்ட் 10 காலை ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு குறையில்லாமல் எரிந்து பிரிந்தது. இரண்டாம் அடுக்கு எரியத் தொடங்கியதும் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. கிளம்பிய 317-ஆவது வினாடியில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் எல்லாம் முடிந்துபோயிற்று. இதுவரைதான் ஊருக்குத் தெரியும்.

ஆய்வில் தெரியவந்தது வேறு. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக்கு வைத்திருந்த நைட்ரிக் அமிலம் கிளம்புவதற்கு முன்பே கசிந்து போயிருந்தது. அமிலத்தைத் திறந்து மூடும் வால்வில் தூசி சிக்கி, ஏவுதலுக்கு எட்டு நிமிடம் முன்பு கொடுத்த முதல் கட்டளைக்குத் திறந்த வால்வு மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. ராக்கெட்டைத் திருப்ப வேண்டிய நேரத்தில் அமிலம் இல்லை. 44 முக்கியத் துணை அமைப்புகள் கொண்ட ஒரு பொறியில் பிழை ஒரு வால்வில், ஒரு தூசித் துணுக்கில் இருந்தது. மோட்டார்கள் சரி, அடுக்குப் பிரிப்பு சரி, அடிப்படை வடிவமைப்பும் சரி. அந்தக் காரணத்தைத் துல்லியமாகக் கண்டறிந்து, திருத்தி, ஓராண்டுக்குள் அடுத்த ராக்கெட்டை ஏவித் தாங்கள் சொன்னது சரிதான் என்று நிரூபித்தார்கள்.

தோல்வியை இப்படித்தான் எடைபோட வேண்டும். விழுந்த ராக்கெட்டிலிருந்து வந்த தகவல் முழுதாகக் கிடைத்ததா, காரணம் பிடிபட்டதா, அதே பிழை திரும்ப வந்ததா? எஸ்.எல்.வி-3-இல் அந்த வால்வுப் பிழை திரும்ப வரவில்லை.

3. “சோவியத் இலவசமாக ஏற்றித் தந்ததே”

உண்மைதான். 1975 ஏப்ரல் 19 அன்று இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டாவைச் சோவியத் ராக்கெட்தான் கட்டணம் வாங்காமல் ஏற்றியது. ஆர்யபட்டாவின் எடை 360 கிலோ; எஸ்.எல்.வி-3 தூக்கியதைப் போல ஒன்பது மடங்கு. ‘360 கிலோவை ஒருவர் இலவசமாக ஏற்றித் தரும்போது, 40 கிலோவை ஏற்றச் சொந்தமாகப் பாடுபடுவது ஏன்?’ என்ற கேள்வி பார்ப்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

இதே கேள்வியைக் கேட்டு, ‘பாடுபட வேண்டாம்’ என்று பதில் சொன்ன நாடு ஒன்று இருக்கிறது: பிரிட்டன். அவர்களிடம் பிளாக் ஆரோ என்ற சொந்த ஏவுகலம் இருந்தது. அமெரிக்காவின் ஸ்கவுட்டில் இடம் வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்டு 1971 ஜூலையில் திட்டத்தை ரத்து செய்தார்கள். தயாராக இருந்த கடைசி ராக்கெட்டை மட்டும் அனுமதித்தார்கள். அது அந்த அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் வூமராவிலிருந்து கிளம்பி, பிராஸ்பரோ என்ற 66 கிலோ செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் வைத்தது. வெற்றி வந்த நேரத்தில் திட்டம் உயிரோடு இல்லை. அவர்களின் அடுத்த தொழில்நுட்பச் செயற்கைக்கோளான மிராண்டா 1974-இல் அமெரிக்க ஸ்கவுட்டில்தான் போனது. சொந்தமாகச் செயற்கைக்கோள் ஏவும் ஆற்றலைப் பெற்று, பிறகு அதைத் தானே கைவிட்ட ஒரே நாடு என்று பிரிட்டனை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. பொறியாளர்களும் பணமும் தொழிற்சாலைகளும் நம்மைவிட அவர்களிடம் அதிகம் இருந்தன. தொடர்ச்சி மட்டும் இல்லாமல் போயிற்று.

அடுத்தவர் ராக்கெட்டை நம்பினால் என்ன ஆகும் என்று இந்தியாவே பின்னாளில் அனுபவித்தது. கிரையோஜெனிக் என்ஜின் தொழில்நுட்பத்தைத் தர ரஷ்ய நிறுவனம் 1991-இல் ஒப்பந்தம் செய்தது. 1992 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர இயலாது என்று பின்வாங்கியது. சொந்தக் கிரையோஜெனிக் என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருபது ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ராக்கெட் கட்டிப் பழகிய ஆட்கள் இஸ்ரோவில் இருந்ததுதான். அந்தப் பழக்கம் எஸ்.எல்.வி-3-இல் வந்தது. இலவச ஏற்றத்தில் செயற்கைக்கோள் மேலே போகும். ராக்கெட் கட்டத் தெரிந்த ஆட்கள் உருவாக மாட்டார்கள்.

‘40 கிலோவால் என்ன பயன்?’ என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் சுமார் 14 கிலோ. பிரான்ஸின் ஆஸ்டெரிக்ஸ் 42 கிலோ. தொடக்கம் எல்லோருக்கும் இந்த அளவில்தான் இருந்தது. மேலும் 1983-இல் எஸ்.எல்.வி-3 ஏற்றிய கடைசி ரோகிணியில் ஒரு கேமரா இருந்தது. பூமியைப் படம்பிடித்து, நீர், பயிர்பச்சை, வெறும் நிலம், மேகம், பனி என்று தானே பிரித்தறியும் வகையில் அமைத்த கேமரா. அது 2,500-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. அந்தச் செயற்கைக்கோள் 1990 ஏப்ரல் வரை சுற்றுப்பாதையில் இருந்தது. ஐ.ஆர்.எஸ் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் 1988-இல் வந்து, நிலத்தடி நீரையும் பயிர்ப்பரப்பையும் வரைபடமாக்கும் வேலையில் இறங்குவதற்கு முன்னால், பூமியைப் பார்க்கும் அந்தக் கலையை இந்தியா தன் சொந்த ராக்கெட்டிலும் சோதித்துப் பார்த்திருந்தது. கீழ்பவானி வாய்க்காலையும் மஞ்சள் காட்டையும் நம்பிப் பிழைக்கும் மக்களுக்கு நீரையும் பயிரையும் மேலிருந்து பிரித்துப் பார்ப்பதன் அருமை தெரியும்.

4. “ஒருமுறை எரிந்து போவது பழமை, திரும்பி வருவதே ராக்கெட்”

2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதல் அடுக்கு திரும்பி வந்து செங்குத்தாக நின்றதைப் பார்த்த பிறகு பரவிய வாதம் இது. அந்தச் சாதனை பெரியது. அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதை வைத்து 1980-ஆம் ஆண்டு ராக்கெட்டைத் தீர்ப்பிட முடியாது. காரணம் இயற்பியலிலும் கணக்கிலும் இருக்கிறது.

எஸ்.எல்.வி-3-இன் எடை 17,000 கிலோ. அது தூக்கியது 40 கிலோ. ஒரு கிலோவைச் சுற்றுப்பாதையில் வைக்க 425 கிலோ ராக்கெட். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் செயற்கைக்கோள் கீழே விழாமல் சுற்றும்; அந்த வேகம் இவ்வளவு எரிபொருளைத் தின்றுவிடுகிறது. திரும்பி வர வேண்டுமானால் இறங்குவதற்குத் தனி எரிபொருள், கால்கள், வெப்பத்தைத் தாங்கும் பகுதிகள், வழிகாட்டும் கருவிகள் எல்லாம் கூடவே போக வேண்டும். கையில் மிச்சம் 40 கிலோதான் இருக்கும் ராக்கெட்டில் இவற்றுக்கு இடமில்லை. அடுத்து, திட எரிபொருள் மோட்டார் ஒருமுறை பற்றிக்கொண்டால் தீரும்வரை எரியும். இறங்கும்போது அணைத்து, மீண்டும் பற்றவைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலை அதற்கு ஆகாது.

மறுபயன்பாடு லாபம் தருவதும் ராக்கெட் அடிக்கடி பறந்தால்தான். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் திரும்பி வரும் கலம்தான். 30 ஆண்டுகளில் 135 முறை பறந்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதைப் பழுதுபார்த்துத் தயார்செய்யும் செலவு எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு ஆயிற்று, 2011-இல் நிறுத்திவிட்டார்கள். நான்காண்டில் நான்கு முறை பறந்த எஸ்.எல்.வி-3-க்கு மறுபயன்பாடு என்றைக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபால்கன்-9-ஐக் கட்டியவர்களே எங்கிருந்து தொடங்கினார்கள் என்று பாருங்கள். அவர்களின் முதல் ராக்கெட் ஃபால்கன்-1. சிறிய ராக்கெட், சிறிய சுமை. அதன் முதல் அடுக்கை மீட்டுப் பயன்படுத்தத் திட்டமிட்டார்கள், ஒருமுறைகூட முடியவில்லை. 2006, 2007, 2008 என்று முதல் மூன்று பயணங்களும் தோற்றன. 2008 செப்டம்பரில் நான்காவது முயற்சியில்தான் சுற்றுப்பாதையை எட்டினார்கள். எட்டியது, நாம் ‘பழமை’ என்று தள்ளும் அதே ஒருமுறை ராக்கெட்டால். முதல் பறப்பிலிருந்து, திரும்பி வந்து நிற்பது வரை அவர்களுக்குப் பத்தாண்டு ஆயிற்று.

இந்தியாவும் அந்தத் திசையில் நடக்கிறது. திரும்பி வரும் ஏவுகலத்தின் முன்மாதிரியை இஸ்ரோ 2016 மே மாதம் பறக்கவிட்டது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டத்து ஓடுதளத்தில் 2023-இலும் 2024-இலும் அதைத் தானாகத் தரையிறக்கிக் காட்டியது. மேலே போகத் தெரிந்தவர்தான் திரும்பி வரக் கற்க முடியும்.

5. “அது ஏவுகணைக்குப் போட்ட திரை”

இப்படிச் சொல்பவர்கள் காட்டும் சான்று ஒன்று உண்மை. 1989 மே 22 அன்று பறந்த அக்னியின் முதல் அடுக்கு, எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கிலிருந்து வந்தது. கலாமும் 1982-இல் விண்வெளித் துறையிலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்குப் போனார். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்னியைப் பற்றி ஒருவர் எந்தக் கருத்தும் வைத்திருக்கலாம்.

ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்கு ஒத்துவரவில்லை. ஸ்புட்னிக்கை ஏற்றியது சோவியத் ஏவுகணை. எக்ஸ்ப்ளோரரை ஏற்றிய ராக்கெட், ரெட்ஸ்டோன் ஏவுகணையிலிருந்து பிறந்தது. சீனாவின் முதல் செயற்கைக்கோளும் ஏவுகணையிலிருந்து உருவான ராக்கெட்டில்தான் போனது. அந்த நாடுகளில் ஏவுகணை முதலில், விண்வெளி பிறகு. இந்தியாவில் அந்த வரிசை மாறி நடந்தது: சாராபாய் 1970-இல் முன்வைத்த பத்தாண்டுத் திட்டத்தில், தகவல்தொடர்புக்கும் வானிலைக்கும் வளங்களைக் கணக்கெடுக்கவும் செயற்கைக்கோள் தேவை என்ற நோக்கத்தில் பிறந்தது எஸ்.எல்.வி-3. எஸ்.எல்.வி-3 முதலில் பறந்து பத்தாண்டு கழித்துத்தான் அக்னி வந்தது. பின்னால் வந்த பயன்பாட்டை முன்னால் இருந்த நோக்கம் என்று சொல்வது வரலாற்றைப் பிழையாக எழுதுவதாகும்.

6. “உண்மையான கதை பி.எஸ்.எல்.வி-யில்தான்”

எல்லா வாதங்களிலும் இதுதான் முக்கியமானது. இது விழுந்தால் மற்றவையும் விழும்.

எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கு எங்கே போனது என்று தேடிப் பாருங்கள். அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி-யில் அந்த மோட்டார் நடுவிலும் இரு பக்கங்களிலும் இருந்தது. அந்த ராக்கெட் 1987-இலும் 1988-இலும் தோற்று, 1992-இலும் 1994-இலும் பறந்தது. பிறகு பி.எஸ்.எல்.வி வந்தது. அதன் அடியில், நடுத்தண்டைச் சுற்றி ஆறு உந்து மோட்டார்கள் கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள அந்த மோட்டார்கள் எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கிலிருந்து வளர்ந்தவை. முதலில் ஒன்பது டன் எரிபொருள்; பிறகு எக்ஸ்.எல் வகையில் நீளத்தைக் கூட்டி 12 டன்.

2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1-ஐ ஏற்றியது அந்த எக்ஸ்.எல் வகையின் முதல் பயணம். 2013 நவம்பரில் மங்கள்யானை ஏற்றியதும், 2017 பிப்ரவரியில் ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களை விட்டதும், 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய ஆதித்யா-எல்1-ஐ அனுப்பியதும் அதே வகைதான். கோதவாடிக்காரர் இயக்கிய சந்திரயான் தரையைவிட்டு எழும்பியபோது அதைத் தள்ளியவற்றில், 1979-இல் கடலில் விழுந்த ராக்கெட்டின் முதல் அடுக்கு வழிவந்த ஆறு மோட்டார்களும் உண்டு. அன்று அந்த முதல் அடுக்கு குறையில்லாமல் எரிந்தது என்று மேலே சொன்னேன். அந்தக் குறையின்மைதான் முப்பது ஆண்டு கழித்து நிலவுக்குப் போனது.

மேலடுக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நான்காவது அடுக்கை பிரான்ஸின் டயமண்ட் ராக்கெட்டுக்கும் பொருந்தும்படி கலாமின் குழு பெரிதாக்கி வடிவமைத்தது; பிரான்ஸ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உழைப்பு வீணாகவில்லை. 1981 ஜூனில் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போன இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோளைப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்குத் தள்ளிய மோட்டார் அந்த நான்காவது அடுக்கிலிருந்து உருவானதுதான்.

ஆக, ஒருமுறை எரிந்து அழிந்தது உலோகக் கூடும் எரிபொருளும். எரிபொருளை வார்க்கும் ஆலை, எஃகுக் கூட்டை உருட்டும் தொழில், தோல்வியை ஆராயும் முறை, அடுக்குகளைப் பிரிக்கும் நுட்பம், ஏவுதளத்தின் ஒழுங்கு, இவற்றையெல்லாம் கற்ற ஒரு தலைமுறை — இவை எதுவும் எரியவில்லை. பி.எஸ்.எல்.வி 1994 அக்டோபரில் வென்றபோது அவற்றின் மேல்தான் நின்றது.

இதை இப்போது ஏன் சொல்ல வேண்டும்?

இதே தீர்ப்பை நாம் இன்னொருமுறை எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து பறக்கப்போகும் எஸ்.எஸ்.எல்.வி-யும் மூன்று திட எரிபொருள் அடுக்குகள் கொண்ட, ஒருமுறை மட்டும் பறக்கும் சிறு ராக்கெட். 2022 ஆகஸ்டில் அதன் முதல் பயணம் தோற்றது. 2023 பிப்ரவரியில் இரண்டாவது வென்றது. 2024 ஆகஸ்டில் மூன்றாவதும் வென்றது. சென்னையின் அக்னிகுல் போன்ற தனியார் நிறுவனங்களும் சிறு ராக்கெட்டுகளோடு களத்தில் இறங்கியிருக்கின்றன. அவற்றில் சில முதல் முயற்சியில் விழும். முதல் ராக்கெட்டுகள் அப்படித்தான். எந்த நாட்டின் வரலாறும் வேறு மாதிரி இல்லை.

விழும் நாளில் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. ‘வீண்’ என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளை பொறியியல் படித்தாலும் முதல் முயற்சிக்குத் துணியாது. தீர்ப்பு சொல்லுமுன் மூன்று கேள்விகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். பிழை எங்கே என்று கண்டுபிடித்தார்களா? அடுத்த பயணத்தில் அதைத் திருத்தினார்களா? இதில் செய்யக் கற்ற பகுதி அடுத்த ராக்கெட்டுக்குப் போனதா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வரும் எந்த முயற்சியும் தோல்வி ஆகாது. எஸ்.எல்.வி-3-இடம் கேட்டால் மூன்றுக்கும் ‘ஆம்’ என்றே பதில் வருகிறது. சந்திரயானைக் கொண்டாடும் கொங்கு நாடு இந்த முதல் ராக்கெட்டையும் அதே பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.